கைக்கு அடங்கும் துப்பாக்கி: ஓர் அடகுக் கடைக்காரரின் அனுபவம்

காரைக்குடியில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது கண்டனூர்ப் பக்கம், ஐயா (தாத்தா) காலத்து, நடுவில் வளவு என்னும் முற்றமுள்ள வீட்டில். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை; படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே அவற்றின் முகப்பில் விளக்கு எரியும். வங்கிப் பெட்டகத்திலிருந்து நகைகளை எடுத்து வருவதும், கடை அடைத்தபின் பணமும் சாவிக்கொத்துமாக இருட்டில் வீடு திரும்புவதும் என் தொழிலில் தவிர்க்க முடியாதவை என்பதால், தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்துப் பெற்றேன். அது தெரிந்த நாளிலிருந்து உறவினரும் தொழில்காரரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? உரிமம், தோட்டாவின் அளவு, உங்கள் கை, உங்கள் உடை, உங்கள் வீடு ஆகிய ஐந்தையும் பார்த்து முடித்தால் மிஞ்சுவது இரண்டு மூன்று துப்பாக்கிகள்தான் என்பதால், நான் அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் சொல்வது வழக்கம்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். காவல்துறையின் அறிக்கை அவருக்குப் போக வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வேண்டும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்த சான்றும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் ‘பாதுகாப்புக்காக’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு யாரும் உரிமத்தை எதிர்பார்க்கக் கூடாது. அடகுக் கடை உரிமம், வருமான வரிக் கணக்கு, நகை எடுத்துச் செல்லும் வழி, முன்பு கொடுத்த புகார் ஏதேனும் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கோர்வையாக இணைத்ததுதான் எனக்கு உதவியது.

அடுத்தது தோட்டாவின் அளவு. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் 9 எம்.எம். பிஸ்டலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்ட குழல் விட்ட (prohibited bore) வகையைச் சேர்ந்தது. ஆட்சியர் தரும் சாதாரண உரிமத்தில் அதை வாங்க முடியாது. நமக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் .32, .22 (குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் எண்கள்) ஆகியவையே. இந்த .32 என்ற எண்ணுக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு தோட்டாக்கள் ஒளிந்திருப்பதைப் புதிதாக வாங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிக்குள் மேகசின் என்னும் பெட்டியில் தோட்டாக்களை அடுக்கும் பிஸ்டலுக்கு உரிய .32 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) 1899இல் வந்தது, அதன் கூடு 17 மில்லிமீட்டர் நீளம். சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வருக்கு உரிய .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்) லாங் 1896இல் வந்தது. அதன் கூடு 23 மில்லிமீட்டர், அடியில் துருத்திய விளிம்பும் உண்டு. ஒருமுறை கடைக்காரர் ஒருவர் என் ரிவால்வர் உரிமத்தைப் பார்த்துவிட்டே பிஸ்டல் தோட்டாப் பெட்டியை எடுத்து நீட்டினார். பெட்டியின் மேல் இருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இரண்டின் வலிமையும் சுமார்தான். பிஸ்டல் தோட்டாவில் ஏறத்தாழ 4.6 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 270 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறது. ரிவால்வர் தோட்டாவில் 6.3 கிராம் குண்டு 210 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் இரண்டுமே 9 எம்.எம். தோட்டாவின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சுடும்போது கையில் ஏறும் உதைப்பு குறைவாக இருப்பதால் பயிற்சியில்லாத கையும் குறி தவறாமல் இரண்டாவது முறை சுட முடிகிறது என்பது இந்தச் சிறிய தோட்டாவின் பெரிய நன்மை. .22 அதைவிட இலகுவானது என்றாலும், விளிம்பில் வெடிமருந்து அமைந்த அந்த வகைத் தோட்டா அவ்வப்போது வெடிக்காமல் போகும் இயல்புடையது என்பதால் தற்காப்புக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி, கடையில் என்னதான் கிடைக்கிறது என்று பார்க்கலாம். 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த கோல்ட், வெப்ளி, வால்தர் போன்றவை கைமாறிக் கைமாறி, உள்ளே தேய்ந்திருந்தாலும் பெயருக்காகவே பெருவிலைக்குப் போகின்றன. புதிதாக வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகள்தான். அவற்றில் .32 ரிவால்வர் நெடுங்காலமாக விற்பனையில் இருப்பது. 3 அங்குலக் குழல், ஆறு தோட்டா, பழைய வெப்ளியைப் போல நடுவில் மடித்துத் திறக்கும் அமைப்பு. 2014இல் வந்த ‘நிர்பீக்’ அதே குடும்பத்தின் எடை குறைந்த வடிவம், அரைக் கிலோ. 2023இல் கான்பூரிலிருந்து வந்த ‘பிரபல்’ 675 கிராம். அதன் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும். பிஸ்டல் வேண்டுவோருக்கு ‘அஷானி’ என்ற .32 உண்டு. 2020 முதல் உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர்கள் தயாராகின்றன.

நான் முதலில் மனத்தில் வைத்திருந்தது பிஸ்டலைத்தான். காரணம் எளிது: அது தட்டையானது. ரிவால்வரின் உருளை இடுப்பில் புடைத்து நிற்கும். பிஸ்டல் சட்டைக்குள் படிந்துவிடும். மேகசினை மாற்றுவதும் விரைவு. ஆனால் தேவகோட்டையில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், நெடுநாளாக உரிமம் வைத்திருப்பவர், ஒரே கேள்வியில் என்னை யோசிக்க வைத்தார்.

“தம்பி, பிஸ்டல்ல தோட்டாவ அறைக்குள்ள ஏத்தி வச்சுக்கிட்டா வண்டி ஓட்டப் போற?”

“இல்லண்ணே, அது ஆபத்து. மேகசின்ல மட்டுந்தான் இருக்கும்.”

“அப்பச் சரி. ஒருத்தன் உன் பைய இழுக்கறான், உன் இடது கை பையில இருக்கு. தோட்டாவ அறைக்குள்ள ஏத்த மேல இருக்கற ஸ்லைடை எந்தக் கையால இழுப்ப?”

இந்த ஒரு பிரச்சினையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்வே இங்கேதான் முடிவாகிறது. நமக்குக் கிடைக்கும் பழைய வடிவமைப்புப் பிஸ்டல்களில் பலவற்றில், கீழே விழுந்தால் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி முன்னே பாயாதபடி தடுக்கும் உள்பூட்டு இல்லை. ஆகவே குழலின் பின்முனையிலுள்ள அறையில் தோட்டா இல்லாமல் எடுத்துச் செல்வதுதான் பொறுப்பான முறை. அப்படி எடுத்துச் சென்றால், தேவைப்படும் கணத்தில் ஒரு கை பிடியிலும் மறு கை ஸ்லைடிலும் இருக்க வேண்டும். என் இடது கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்: பை, வண்டியின் கைப்பிடி, கதவின் பெரிய சாவி. ரிவால்வரில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு கையால் எடுத்து, நீண்ட கனத்த இழுவையோடு விசையை அழுத்தினால் போதும். அந்தக் கனத்த இழுவைதான், பதற்றத்தில் விரல் பட்டு வெடிக்காமல் காப்பதும். வெடிக்காத தோட்டா வந்துவிட்டால் ரிவால்வரில் விசையை இன்னொரு முறை அழுத்தினால் அடுத்த அறை சுழன்று வந்துவிடுகிறது. பிஸ்டலில் மறுபடியும் இரண்டு கைகளும் மூளையும் வேண்டும். போதாததற்கு, .32 ஏ.சி.பி. தோட்டாவின் அடி விளிம்பு சிறிது துருத்தியிருப்பதால், மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. வாரந்தோறும் பயிற்சி செய்கிறவர் இவற்றையெல்லாம் கையின் பழக்கத்தால் சமாளித்துவிடுவார். கடையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு எப்போதாவது சுடும் என் போன்றவருக்கு ரிவால்வர்தான் பொருத்தம் என்ற முடிவுக்கு வந்தேன். இன்றும் அதை மாற்றவில்லை.

எந்த ரிவால்வர் என்பதைக் கைதான் முடிவு செய்ய வேண்டும். எடை குறைந்தது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பில் இருக்கும்போது அது உண்மை, சுடும்போது நேர்மாறு. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் இலேசான துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானது உள்ளங்கையை அதிகமாக உதைக்கும். பிடி மிகச் சிறியதாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் குழல்முனை மேலே எழும். விரல் குட்டையானவர்களுக்கு விசை எட்டாது. எட்டாதபோது பிடியையே திருப்பிப் பிடிப்பார்கள், குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். சுடும் தளத்தில் எனக்குப் பயிற்சி தந்த ஓய்வுபெற்ற காவல்துறை ஆயுதப் பராமரிப்பாளர் சொன்ன ஒன்றைக் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். “செட்டியாரே, ஏசி அறையில எல்லாத் துப்பாக்கியும் கையில நல்லாத்தான் உக்காரும். கைய நனைச்சுக்கிட்டுப் பிடிச்சுப் பாருங்க.” சித்திரை வெயிலில் வியர்த்த உள்ளங்கையில் வழவழப்பான மரப்பிடி எப்படி வழுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது, கோடு கீறிய பிடியுள்ளதை எடுத்தேன். வாங்கும் முன், துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நாமும் தனித்தனியே பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஊசியை அடிக்கும் சுத்தியலைப் பின்னிழுத்த நிலையில் உருளை ஆடுகிறதா, மடிக்கும் கொக்கி இறுகப் பூட்டுகிறதா, குழலின் உள்வரிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்ப்பது பழைய துப்பாக்கிக்கு மட்டுமல்லாமல் புதியதற்கும் அவசியம். தொழிற்சாலையிலிருந்து வந்ததாயிற்றே என்று நம்பிவிடக் கூடாது. ஒரே வகையிலேயே ஒன்றின் விசை இலகுவாகவும் மற்றொன்றின் விசை கரடுமுரடாகவும் இருப்பதைக் கையால் உணர்ந்திருக்கிறேன்.

பரம்பரைத் துப்பாக்கியைப் பற்றிப் பலர் கேட்பதால் இங்கே ஒரு வார்த்தை. நம் பக்கத்து வீடுகளில் பர்மா, மலாயா நாட்களில் வந்த சின்ன வெப்ளியோ கோல்ட்டோ ஐயாவின் பெயரில் இருப்பதுண்டு. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசு விண்ணப்பிக்கலாம்; அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதைத் தாண்டியிருந்தாலோ 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க விதி இடம் தருகிறது. அதைச் செய்யாமல் இரும்புப் பெட்டியில் அப்படியே வைத்திருப்பது குற்றம். ‘ஐயா வச்சிருந்தது’ என்பது பதிலாகாது. மாற்றிக்கொண்டாலும், நூறு வயதான துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் தடுப்பு இல்லாத பழைய ரிவால்வரில், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

உடைக்கு வருவோம். நான் கடையில் வேட்டி கட்டுபவன். வேட்டியில் துப்பாக்கி நிற்காது. எத்தனை இறுக்கிக் கட்டினாலும், பச்சை பெல்ட் போட்டாலும், உட்கார்ந்து எழுந்ததும் உறை சாய்ந்துவிடும். பெல்ட்டோடு சேர்ந்த பணப்பையில் துப்பாக்கியைப் போட்டு வைத்திருந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். விசை மூடப்படாமல் சில்லறையோடும் சாவியோடும் கிடந்தது. அதைவிட ஆபத்தான இடம் வேறு இருக்க முடியாது. கைத்துப்பாக்கிக்கென்றே செய்த உறையில், உடலோடு உறுதியாகப் பொருத்தி, முழுவதும் மூடியபடிதான் பொது இடத்தில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆகவே நகை எடுத்துச் செல்லும் நாட்களில் கால்சட்டை, ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான தோல் பெல்ட், அதில் விசையைச் சுற்றியுள்ள விசைக் கூண்டு முழுவதையும் மூடும் உறை, மேலே வெளியே விட்ட தொளதொளப்பான அரைக்கைச் சட்டை என்று முறை வைத்திருக்கிறேன். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உறை இருந்தால் உருளையின் புடைப்பு வெளியே தெரிவதில்லை. வெள்ளைச் சட்டையில் கறுப்பு உறை நிழலாகத் தெரியும். கட்டம் போட்ட சட்டையில் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருப்பது மறைப்பதற்காக மட்டுமில்லை. அன்றைக்கு இடுப்பில் துப்பாக்கி இருப்பது கடைத்தெருவுக்குத் தெரிந்துவிட்டால், பறிக்க வருபவன் முதலில் அதைத்தான் குறிவைப்பான்.

திருமண வீட்டுக்கு எடுத்துச் செல்வதே இல்லை. கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். அதைவிட, கூட்டத்தில் ஆளுக்காள் ‘காட்டுங்க பார்ப்போம்’ என்று கேட்பதைத் தவிர்க்கவே முடியாது.

வீட்டைப் பற்றி யோசிக்காமல் தற்காப்புத் துப்பாக்கி வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பார்த்தால் வளவு வழியாக இரண்டாம் கட்டின் கதவு வரை நேர்க்கோட்டில் தெரியும். அந்த நேர்க்கோட்டில் சுட்டால், குறி தவறிய குண்டு போய்ச் சேரும் இடம் ஆயா (பாட்டி) படுத்திருக்கும் அறை. கருங்கல் தூணிலும் ஆத்தங்குடித் தரையிலும் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இரவில் சத்தம் கேட்டால் வளவில் இறங்கித் தேடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்: எல்லோரும் ஒரே அறைக்கு வந்து, தேக்குக் கதவைத் தாழிட்டு, 100க்கு அழைப்பது, துப்பாக்கி அந்தக் கதவை உடைத்து வருபவனுக்கு மட்டும். சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக அந்த உரிமை நீண்ட தூரம் செல்லும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும், காவல்துறையின் உதவியை நாட நேரமிருந்தால் உரிமையே எழாது என்றும் 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உரிமம் வீட்டுக்குக் கிடையாது, எனக்குத்தான். நான் மதுரைக்குப் போன இரவில் என் மனைவியோ தம்பியோ அதை எடுத்துவைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கும் வேண்டுமென்றால் அவர்களே விண்ணப்பித்துப் பயிற்சி பெற வேண்டும்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று தனிக் கவலைகள் உண்டு. இடுப்பில் வைத்திருக்கும் இரும்பை வியர்வை ஒரே நாளில் கடித்துவிடும். வீடு திரும்பியதும் தோட்டாக்களை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவுகிறேன். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கூடவே கூடாது; நாளடைவில் பிசினாகி உள்ளே உள்ள சிறு பாகங்களை ஒட்டவைத்துவிடும், தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். தோல் உறையிலேயே விட்டு வைப்பதும் தவறு; தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் உறை படும் இடமெல்லாம் துரு பிடிக்கும். துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில், இரண்டு சாவிகளும் என்னிடம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடுகளில் இதில் தளர்வு காட்டவே கூடாது. நாள்பட்ட தோட்டாக்களைத் தளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு, தளத்துக்குப் போக முடியாத வாரங்களில், உண்மையான தோட்டா எதுவுமே வைக்காத ஒரு வீட்டறையில் உட்கார்ந்து, துப்பாக்கியில் போலித் தோட்டாக்களைப் போட்டு விசையை மட்டும் இழுத்துப் பழகுகிறேன். குழல்முனை ஆடாமல் அந்த நீண்ட இழுவையை முடிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. தளத்தில் ஐந்து மீட்டர், ஏழு மீட்டர் தூரத்துக்கு மேல் நான் அதிகம் சுடுவதில்லை. தற்காப்பில் எதிராளி நிற்கப்போவது அந்தத் தூரத்தில்தான். சுடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் விரல் விசைக் கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அந்த ஆயுதப் பராமரிப்பாளர் அதட்டி அதட்டிப் பழக்கினார். இப்போது தண்ணீர்க் குழாயைப் பிடித்தாலும் ஆள்காட்டி விரல் நீண்டுதான் நிற்கிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். அந்த வாரங்களில் என் தொழிலை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்: பெட்டகத்துக்குப் பகலில் மட்டும், இருவர் துணையோடு. ஒப்படைக்கும் முன் எண்ணெயைச் சற்றுக் கூடுதலாகத் தடவி, துப்பாக்கியின் எண்ணையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்ப எடுக்கும்போது அந்த ரசீதோடு ஒப்பிட்டு, உருளையையும் குழலையும் அங்கேயே திறந்து பார்த்துவிட்டு, அதன்பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.